எஸ்எஸ்டி விலை வன்தட்டு விலையை எப்போது தொடும்? காத்திருக்கலாமா, இப்போதே வாங்கலாமா?

நீலக்குடை:
வணக்கம். எங்கள் அலுவலகத்தில் காணொளிக் கோப்புகள் 200 டெராபைட்டைத் தாண்டிவிட்டன. எல்லாம் காந்தத் தட்டு சுழலும் வன்தட்டுகளில்தான் இருக்கின்றன, சுழலும் பாகமே இல்லாமல் பிளாஷ் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் எதுவும் இல்லை. தட்டுகளுக்கு வயதாகிவிட்டது, மாற்றியாக வேண்டும். மேலாளரோ, "இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் எஸ்எஸ்டி விலை வன்தட்டு விலைக்கே வந்துவிடும், அதுவரை இருப்பதை வைத்துச் சமாளியுங்கள்" என்கிறார். இதே பேச்சை நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து கேட்டு வருகிறேன். அந்த "இரண்டு மூன்று ஆண்டு" மட்டும் குறையவே இல்லை. உண்மையில் விலைகள் எந்தப் பக்கம் போகின்றன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விளம்பரத் தாள்களில் இருப்பது வேண்டாம், அதை நானே படித்துவிட்டேன்.

கடைசிபெஞ்சு:
பழைய குருடி, கதவைத் திறடி! வன்தட்டுக்கு இரங்கற்பா எழுதியவர்களில் பாதிப்பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். வன்தட்டு இன்னும் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறது.

மின்மினி:
கேலி இருக்கட்டும், எண்களைப் பாருங்கள். 2008 செப்டம்பரில் இன்டெல் எக்ஸ்25-எம் வந்தபோது 80 ஜிபிக்கு 595 டாலர். அதாவது ஒரு ஜிபிக்கு ஏழு டாலருக்கு மேல். அன்றைய 1 டெராபைட் வன்தட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் ஏறக்குறைய ஐம்பது மடங்கு. 2025 பிற்பகுதிவரை பெரிய கொள்ளளவுகளில் அது ஐந்து மடங்கையொட்டி ஊசலாடியது. 2023இல் பிளாஷ் விலை தரைதட்டியபோது சில்லறை விற்பனையில் அதற்கும் கீழே போனது. ஐம்பது ஐந்தாகியிருக்கிறது என்றால், ஐந்து ஒன்றாவதற்கு என்ன தடை?

தொழில்நுட்பமும் நின்றுவிடவில்லை. 2013இல் சாம்சங் முதல் முப்பரிமாண பிளாஷைக் கொண்டுவந்தபோது 24 அடுக்கு. 2024 நவம்பரில் எஸ்கே ஹைனிக்ஸ் 321 அடுக்கில் உற்பத்தியைத் தொடங்கியது. அதே மாதத்தில் சொலிடைம் ஒரே எஸ்எஸ்டியில் 122.88 டெராபைட்டை அடைத்து அறிவித்தது. வன்தட்டோ அப்போது 30 டெராபைட்டைத் தாண்டவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. 2028க்குப் பிறகு புதிய வன்தட்டுகளே விற்காது என்று பியூர் ஸ்டோரேஜ் நிறுவனத்தார் 2023இல் சொன்னார்கள். ஆண்டு முன்பின் ஆகலாம், திசை அதுதான்.

சுழலி:
//2028க்குப் பிறகு புதிய வன்தட்டுகளே விற்காது//

பியூர் ஸ்டோரேஜ் விற்பதே பிளாஷ்தான். தன் சரக்கைத் தான் மெச்சாமல் வேறு யார் மெச்சுவார்கள்?

அடுக்குக் கணக்குக்கு வருவோம். 24 அடுக்கு 321 ஆனது, பதின்மூன்று மடங்கு. விலை பதின்மூன்றில் ஒரு பங்கானதா? ஆகவில்லை, ஆகவும் முடியாது. இந்த அடுக்குகள் சும்மா வந்து உட்காருவதில்லை. சிலிக்கான் வில்லை மீது ஆக்சைடும் நைட்ரைடும் மாறி மாறிப் படியவைக்கப்படுகின்றன. பிறகு மேலிருந்து கீழ்வரை எல்லா அடுக்குகளையும் துளைத்துக்கொண்டு போகும் நுண்துளைகளை அரித்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு துளையும் அகலத்தைவிடப் பல பத்து மடங்கு ஆழம். கொஞ்சம் சாய்ந்தாலோ, அடியில் குறுகினாலோ அங்குள்ள செல்கள், அதாவது தரவைத் தேக்கும் நுண்ணறைகள், வீண். ஓரளவுக்கு மேல் ஒரே மூச்சில் துளைக்க முடியாது. அதனால் இரண்டு மூன்று தொகுதிகளாகச் செய்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறார்கள். 321 அடுக்கும் மூன்று தொகுதிகளால் ஆனதுதான். அடுக்கு கூடக்கூட வில்லை ஆலைக்குள் தங்கும் நாளும் கூடுகிறது, அதற்கான இயந்திரச் செலவும் கூடுகிறது.

ஒரு செல்லில் எத்தனை பிட் என்ற கதையும் அப்படித்தான். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனபோது கொள்ளளவு இரட்டித்தது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் பாதி கூடியது. மூன்றிலிருந்து நான்குக்கு மூன்றில் ஒரு பங்கு. ஐந்துக்குப் போனால் கால் பங்குதான் கூடும். ஆனால் பிரித்தறிய வேண்டிய மின்னழுத்த நிலைகள் ஒவ்வொரு முறையும் இரட்டிக்கின்றன. நான்கு பிட்டுக்கு 16 நிலை, ஐந்துக்கு 32. எளிதாகக் கிடைக்கக்கூடியதெல்லாம் கிடைத்தாகிவிட்டது. ஐம்பதிலிருந்து ஐந்துக்கு இறங்கிய அதே வேகத்தில் ஐந்திலிருந்து ஒன்றுக்கு இறங்கும் என்பது ஆசை, கணக்கு அல்ல.

மின்மினி:
வன்தட்டு மட்டும் என்ன வாழ்ந்தது? வெப்பத்தின் துணையோடு எழுதும் முறை, அதுதான் ஹேமர், இதோ வருகிறது அதோ வருகிறது என்று எத்தனை காலம் சொன்னார்கள்! சதுர அங்குலத்துக்கு 1 டெராபிட் என்று வன்தட்டு நிறுவனமான சீகேட் ஆய்வகத்தில் செய்துகாட்டியது 2012இல். உள்ளே சுழலும் ஒரு தட்டுக்கு 3 டெராபைட் வீதம் பத்துத் தட்டு கொண்ட அவர்களுடைய மொசைக் 3+ வன்தட்டு அறிவிக்கப்பட்டது 2024 ஜனவரியில். நடுவில் 12 ஆண்டு. பிளாஷ் அந்த 12 ஆண்டில் எங்கிருந்து எங்கே போனது என்று பாருங்கள்.

சுழலி:
தாமதமானது உண்மைதான். ஏன் தாமதம் என்பதையும் சொல்ல வேண்டும். காந்தத் துகளைச் சிறிதாக்கிக்கொண்டே போனால், அறை வெப்பமே அதன் திசையைக் கலைத்துவிடும். கலையாமல் இருக்க இரும்பு–பிளாட்டினம் போன்ற முரட்டுப் பொருள் வேண்டும். அந்தப் பொருளில் சாதாரணத் தலையால், அதாவது கரத்தின் நுனியிலுள்ள எழுதும் முனையால், எழுத முடியாது. அதனால் தலையின் நுனியில் ஒரு லேசரை வைத்து, எழுதும் புள்ளியை மட்டும் ஒரு கணத்துக்கு 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, எழுதி, ஆறவிட வேண்டும். தலையோ தட்டுக்குச் சில நானோமீட்டர் உயரத்தில் பறந்துகொண்டிருக்கிறது. அந்தச் சூட்டைப் பல ஆண்டுகள் தாங்கும் தலையைச் செய்யத்தான் அவ்வளவு காலம் பிடித்தது. தாண்டியாகிவிட்டது. இனி அதே பத்துத் தட்டு, அதே உடல், அதே மோட்டார், தட்டின் அடர்த்தி மட்டும் ஏறும். ஒரு டெராபைட்டின் விலை இறங்கிக்கொண்டே போகும்.

எண்கணிதன்:
இருவரும் "ஒரு டெராபைட்டுக்கு என்ன விலை" என்ற ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறீர்கள். விலை அந்த வடிவத்தில் இல்லை.

செத்துப்போன வன்தட்டு ஒன்றைத் திறந்து பாருங்கள். வார்ப்பு அலுமினிய உடல், மோட்டார், கனத்த காந்தம், கரம், அதன் நுனியில் தலைகள், அடியில் ஒரு மின்பலகை. உள்ளே ஒரு தட்டு இருந்தாலும் பத்துத் தட்டு இருந்தாலும் இவற்றில் பெரும்பாலானவை வேண்டும். 1 டெராபைட் வன்தட்டும் 2 டெராபைட் வன்தட்டும் கிட்டத்தட்ட ஒரே விலையில் விற்பது இதனால்தான். 250 ஜிபி வன்தட்டைப் புதிதாகச் செய்தால் அதற்கும் அதே விலைதான் ஆகும். ஆக, அடிவிலை என்று ஒன்று இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டால் அதற்குமேல் கூடும் ஒவ்வொரு டெராபைட்டும் மலிவு.

எஸ்எஸ்டியில் அடிவிலை சொற்பம். ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு, ஒரு சின்னப் பலகை. மீதியெல்லாம் பிளாஷ். கொள்ளளவு இரட்டித்தால் விலையும் ஏறக்குறைய இரட்டிக்கும்.

இப்போது கொள்ளளவைக் கிடையாகவும் விலையைச் செங்குத்தாகவும் வைத்து இரண்டு கோடுகளையும் வரையுங்கள். ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். அந்தப் புள்ளிக்கு இடப்பக்கம் எஸ்எஸ்டி மலிவு, வலப்பக்கம் வன்தட்டு மலிவு. பிளாஷ் விலை இறங்க இறங்க அந்தப் புள்ளி வலப்பக்கம் நகர்கிறது. "எப்போது தொடும்" என்று கேட்டால், சிறு கொள்ளளவில் தொட்டு, தாண்டி, வெகுகாலம் ஆகிவிட்டது. "எந்தக் கொள்ளளவில், எப்போது" என்பதுதான் பதில் சொல்லக்கூடிய கேள்வி.

ஆப்பிளின் பாட்டுக்கருவி ஐபாட் இதற்கு நல்ல சாட்சி. 2004இல் வந்த ஐபாட் மினிக்குள் ஓர் அங்குல வன்தட்டு இருந்தது, 4 ஜிபி. 2005 செப்டம்பரில் பிளாஷோடு வந்த நானோ அதன் இடத்தைப் பிடித்தது. ஆனால் வன்தட்டு வைத்த ஐபாட் கிளாசிக், 160 ஜிபி வரை வளர்ந்து, 2014 வரை விற்பனையில் இருந்தது. ஒரே நிறுவனம், ஒரே வேலைக்கான கருவி. 4 ஜிபியில் 2005இலேயே தோற்ற வன்தட்டு, 160 ஜிபியில் மேலும் ஒன்பது ஆண்டு தாக்குப்பிடித்தது. அதை நிறுத்தியதற்குக்கூட, உதிரிபாகங்கள் இனிக் கிடைப்பதில்லை என்றுதான் ஆப்பிளின் தலைமை அதிகாரியாக இருந்த டிம் குக் காரணம் சொன்னார். அந்த அளவு வன்தட்டை வாங்க வேறு ஆளில்லாமல் போனதும், செய்யவும் ஆளில்லாமல் போனது. நீலக்குடை அந்த இரண்டாவது முடிவைத்தான் கவனிக்க வேண்டும்.

பழுப்புநூல்:
எண்கணிதன் ஐயா, இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. நிமிடத்துக்கு 15,000 சுற்று சுழன்ற அந்தக் கால விலையுயர்ந்த வன்தட்டுகள், விலை சமமாகும்வரை காத்திருக்காமலே மறைந்துவிட்டனவே?

எண்கணிதன்:
சரியாகச் சொன்னீர்கள். அவை விற்றது கொள்ளளவை அல்ல, வேகத்தை. வேகத்தில் பிளாஷோடு போட்டியே கிடையாது. எனவே பிளாஷில் ஒரு டெராபைட்டின் விலை பலமடங்கு இருந்தும் அதற்கே மாறினார்கள். வேகத்துக்காக வாங்கப்பட்ட வன்தட்டு முதலில் போனது. சிறு கொள்ளளவுக்காக, அதாவது மடிக்கணினிக்காக வாங்கப்பட்டது அடுத்துப் போனது. மொத்தமாகக் கொட்டி வைப்பதற்கான பெரிய வன்தட்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கடைசிபெஞ்சு:
கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. 2010இல் ஆண்டுக்கு 65 கோடி வன்தட்டு விற்றது. இப்போது 15 கோடிகூட இல்லை. செய்பவர்களும் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்று மூன்றே பேர்.

சுழலி:
எண்ணிக்கை தேய்ந்தது, விற்கும் மொத்தக் கொள்ளளவு வளர்ந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் முழுக் கதை.

மின்மினி:
சரி, "கொட்டி வைக்கும்" வன்தட்டையே பேசுவோம். சுழலி தரவு மையத்தில் வேலை பார்ப்பவர், மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி. தேடும் இடம் தலைக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று. கரம் நகர இன்னொரு 8 மில்லிவினாடி. மொத்தம் 12. வினாடிக்கு ஏறக்குறைய 80 சிதறிய வாசிப்பு, அவ்வளவுதான். 1 டெராபைட் வன்தட்டிலும் 80, 30 டெராபைட் வன்தட்டிலும் அதே 80. ஒரு டெராபைட்டுக்குப் பிரித்தால் 80 இருந்த இடத்தில் மூன்றுகூட இல்லை. கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டே போகிறார்கள், வாளி மட்டும் அதேதான்.

வரிசையாகப் படித்தாலும் கதி அதுதான். வினாடிக்கு 270 மெகாபைட் என்று வைத்தால் 30 டெராபைட்டை முழுவதும் படிக்க 30 மணி நேரத்துக்கு மேல். ஒன்று போனாலும் தரவு தப்பும்படி பல தட்டுகளைச் சேர்த்து அமைக்கும் ரெய்டு தொகுதியில் ஒன்று பழுதானால், அதன் தரவைப் புதிய தட்டில் எழுதும் மறுகட்டமைப்பு முடியும்வரை இன்னொன்று போகாமலிருக்க வேண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சுழலி:
மறுக்கவில்லை. உங்கள் கணக்கு சுமையில்லாத தட்டுக்கு. வேலை நடந்துகொண்டிருக்கும்போது மறுகட்டமைப்பு பல நாள் இழுக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கரங்களைத் தனித்தனியாக இயக்கும் வன்தட்டுகளை சீகேட் கொண்டுவந்ததே இதற்காகத்தான். பெரிய தரவு மையங்களில் ரெய்டை விட்டுவிட்டு, கோப்பைத் துண்டாக்கிப் பல பெட்டிகளில் பரப்பிவைக்கும் முறைக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. ஒரு தட்டு போனால் நூறு தட்டுகள் சேர்ந்து அதன் இழப்பை ஈடுகட்டும். ஆனால் ஒன்றிரண்டு பெட்டிகள் மட்டும் வைத்திருப்பவருக்கு அது உதவாது. நீலக்குடை, ஒரு தட்டுப் பழுதை மட்டும் தாங்கும் ரெய்டு 5 பக்கம் போகவே போகாதீர்கள். இரண்டைத் தாங்குவதாக இருக்கட்டும்.

மின்மினி:
மின்சாரத்தை இன்னும் யாரும் பேசவில்லை. 122 டெராபைட் எஸ்எஸ்டி ஒன்றுக்கு ஈடாக நான்கு பெரிய வன்தட்டுகள் சுழல வேண்டும். இடமும் மிச்சம். தவிர, வாசிப்பு வேகமாக இருப்பதால் ஒரே தரவு இரண்டு இடத்தில் இருந்தால் கண்டுபிடித்து ஒன்றாக்கலாம், சுருக்கியும் வைக்கலாம். விலைப்பட்டியலில் ஐந்து மடங்கு என்றிருந்தால், நடைமுறையில் இரண்டு மூன்றாகிவிடும்.

எண்கணிதன்:
பெரிய வன்தட்டு ஒன்று ஓடும்போது 9 வாட் என்று வையுங்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 80 யூனிட், ஐந்து ஆண்டுக்கு 400. குளிரூட்டலுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். இந்த 400 யூனிட்டை முழுக்க மிச்சப்படுத்தினாலும், அது வன்தட்டின் விலையில் ஒரு சிறு பங்குதான். பலமடங்கு விலை வித்தியாசத்தை அதைக் கொண்டு நிரப்ப முடியாது. மின்சாரத்தைக் காசாகப் பார்க்காமல் ஒதுக்கீடாகப் பார்ப்பவருக்கு வேண்டுமானால் கணக்கு மாறும். கட்டடத்துக்கு இத்தனை மெகாவாட்தான் என்று வரம்பு இருந்து, வன்தட்டிலிருந்து பிடுங்கிய ஒவ்வொரு வாட்டையும் செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளுக்குக் கொடுக்கலாம் என்றால், அங்கே பிளாஷ் அதிக விலைக்கும் ஜெயிக்கும். அலுவலகக் காணொளிக் கிடங்குக்கு அது பொருந்தாது.

சுருக்குவதும் அப்படியே. மின்னஞ்சல், தரவுத்தளம், ஒரே மாதிரியான நூறு மெய்நிகர் கணினிகள் என்றால் பிரமாதமாகச் சுருங்கும். காணொளி ஏற்கெனவே பிழிந்தெடுக்கப்பட்டது. அதை இன்னொரு முறை பிழிந்தால் ஒன்றும் சொட்டாது.

பழுப்புநூல்:
நான் ஆவணக் காப்புப் பணியில் இருப்பவன், என் கவலை வேறு. மலிவாகிவிட்டது என்று எஸ்எஸ்டியில் காப்பு நகல் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். பிளாஷ் செல்லில் தரவு என்பது சிறைப்பட்ட மின்னூட்டம். மின்சாரம் இல்லாமல் கிடந்தால் மெல்லக் கசியும். எழுதித் தேய்ந்து ஆயுள் முடியும் நிலையிலுள்ள எஸ்எஸ்டி, மின்னிணைப்பின்றி எவ்வளவு காலம் தரவைக் காக்க வேண்டும் என்பதற்கு ஜெடெக் என்ற சில்லுத் துறை அமைப்பின் தரநிலை இருக்கிறது. சாதாரணப் பயன்பாட்டு எஸ்எஸ்டிக்கு 30 டிகிரியில் ஓராண்டு. நிறுவனப் பயன்பாட்டு எஸ்எஸ்டிக்கு 40 டிகிரியில் வெறும் மூன்று மாதம். புதிய எஸ்எஸ்டி இதைவிட நெடுங்காலம் தாங்கும், அது வேறு. ஆனாலும் பூட்டி வைக்கும் பொருள் அதுவல்ல. காந்த நாடா இன்னும் உயிரோடிருப்பது சும்மா இல்லை. எல்டிஓ-9 என்ற வகை நாடா ஒன்றில் 18 டெராபைட் பிடிக்கும். அலமாரியில் இருக்கையில் ஒரு வாட்கூடத் தின்னாது.

நீலக்குடை:
எல்லோருக்கும் நன்றி. மேலாளரிடம் கேட்டால் ஒன்றுதான் சொல்வார்: "போக்கு கீழ்நோக்கித்தானே இருக்கிறது, பொறுத்தால் லாபம்தானே?" அதற்கு என்ன பதில்?

எண்கணிதன்:
போக்கை நம்பி ஏமாந்தவர்களில் துறையின் ஜாம்பவான்களே உண்டு. சீகேட்டில் தொழில்நுட்பத் தலைவராக இருந்த மார்க் கிரைடர், 2009இல் ஒரு கட்டுரையில், வன்தட்டின் அடர்த்தி ஆண்டுக்கு 40 சதவீதம் வளர்ந்தால் 2020இல் எங்கே நிற்கும் என்று கோட்டை நீட்டிப் பார்த்தார். 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் ஆலைகள் மூழ்கின, விலை சில வாரங்களில் எகிறியது. அதே காலகட்டத்தில் போட்டி நிறுவனங்கள் ஒன்றையொன்று வாங்கி மூன்றாகச் சுருங்கின. அடர்த்தி வளர்ச்சியும் தளர்ந்தது. 2020 வந்தபோது நிஜம் அந்தக் கோட்டுக்கு வெகு கீழே இருந்தது.

பிளாஷிலும் கோடு வழுவழுப்பாக இல்லை. 2023இல் சரக்கு தேங்கி, செய்பவர்கள் எல்லோருமே நட்டத்தில் விழுந்து, உற்பத்தியைக் குறைத்தார்கள். நாம் அந்த ஆண்டு பார்த்த விலை தொழில்நுட்பம் தந்த விலை அல்ல, நட்டத்துக்குத் தள்ளிவிட்ட விலை. பிறகு 2025 பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் வாரி வாங்க, பிளாஷ் விலை மளமளவென்று ஏறியது. பெரிய வன்தட்டுகளுக்கும் மாதக்கணக்கில் வரிசை. அந்த டிசம்பரில் பிளாஷ் செய்யும் மைக்ரான், கிரூஷியல் என்ற பெயரில் நடத்திவந்த சில்லறை வணிகத்தையே மூடப்போவதாக அறிவித்தது. 2023இல் "பொறுத்தால் லாபம்" என்று உட்கார்ந்தவர் இன்று கூடுதலாகக் கொடுக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லுங்கள். வன்தட்டில் விற்கும் கொள்ளளவு முழுவதையும் பிளாஷ் ஏற்க வேண்டுமென்றால் ஆலைகள் வேண்டும். ஓர் ஆலைக்கே ஆயிரம் கோடி டாலருக்கு மேல் ஆகும். 2023இல் கையைச் சுட்டுக்கொண்டவர்கள், மலிவான கிடங்குத் தட்டுகளோடு விலைப்போட்டி போடுவதற்காகவா அந்தப் பணத்தைக் கொட்டுவார்கள்? விலை அதிகம் கிடைக்கும் இடத்துக்குத்தான் சரக்கை அனுப்புவார்கள்.

மின்மினி:
இதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. வன்தட்டும் அதே கயிற்றில்தான் நடக்கிறது. அதை வாங்குவோரில் பெரும்பகுதி ஒரு கைவிரல்களால் எண்ணக்கூடிய மேகக் கணினி நிறுவனங்கள். அவர்களில் இரண்டு பேர் பிளாஷுக்குத் தாவினால் மீதிப் பேருக்காக மூன்று நிறுவனங்கள் ஆலை நடத்த முடியாது. நீங்களே சொன்ன ஐபாட் கிளாசிக் முடிவு. விலை சமமாகாமலே ஆட்டம் முடியலாம்.

சுழலி:
முடியலாம். ஆனால் அவர்களே ஹேமர் தட்டுகளைச் சோதித்து வாங்கிக்கொண்டிருக்கும்போது, 2028இல் முடியாது.

மின்மினி:
2035?

சுழலி:
அதற்கு நான் பந்தயம் கட்டமாட்டேன்.

நீலக்குடை:
முடிவுக்கு வந்துவிட்டேன். 200 டெராபைட்டும் புதிய வன்தட்டுகளுக்கு, இரண்டு பழுதைத் தாங்கும் அமைப்பில். படத்தொகுப்பு நடக்கும் நடப்புக் கோப்புகளுக்கு மட்டும் சிறிய எஸ்எஸ்டி தொகுதி. முடிந்த பணிகளின் இரண்டாவது நகல் நாடாவில். மேலாளருக்கு எண்கணிதன் சொன்ன இரண்டு கோடுகளையும் வரைந்தே காட்டப்போகிறேன்.

சுழலி:
வாங்கும் முன் விவரத்தாளில், எழுதும் முறை எஸ்எம்ஆரா சிஎம்ஆரா என்று பார்த்துவிடுங்கள். எஸ்எம்ஆரில் தடங்கள் ஓட்டுக்கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒன்றைத் திருத்த அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். ரெய்டு மறுகட்டமைப்பில் அது நொண்டும். 2020இல் வலையமைப்புச் சேமிப்புக்கென்றே விற்ற சில தட்டுகளில் இதைச் சொல்லாமல் வைத்து விற்றதால் பெரிய சண்டையே நடந்தது. உங்களுக்கு வேண்டியது தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத சிஎம்ஆர். எல்லாவற்றையும் ஒரே உற்பத்தித் தொகுப்பிலிருந்தும் வாங்காதீர்கள். ஒன்றில் குறை இருந்தால் கூடப் பிறந்தவற்றிலும் இருக்கும்.